கோபால் ஸ்ரீராமும் தோட்டத்து லயங்களும்

சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் கோலசிலாங்கூரிலிருந்து புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என்று உள்நாட்டை நோக்கிச் செல்லுகிற பாதையின் இரு மருங்கிலும் இன்று செம்பனை நிற்கிறது; அதற்கு முன் ரப்பர் நின்றது; அதற்கும் முன் காடு நின்றது. காடு அழிந்த இடத்தில் ரப்பர் கன்றை நட்டுப் பால் வெட்டியவர்களும், பின்னர் அதே ரப்பர் மரம் சாய்ந்த இடத்தில் செம்பனையை வைத்துக் குலை வெட்டியவர்களும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமார் கூட்டிவந்த குடியானவர்களும் அவர்களுடைய சந்ததியாருமே ஆவர். ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917ஆம் ஆண்டில் இந்த வட்டாரத்துத் தெனமாரம் தோட்டத்தில்தான் செம்பனையை இந்நாட்டின் வாணிபப் பயிராக முதன்முதலில் வைத்தார் என்பதை மலேசியப் பொருளாதார சரித்திரம் எழுதுகிறவர்கள் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்ஸின் கோன்கூர் பரிசு கிடைத்ததையும் சேர்த்துக்கொள்ளுகிறார்கள். ஆனால் அந்தக் குலையை வெட்டியவன் குடியிருந்த வீடு யாருடையது, வேலை போன மறுமாதம் அவன் எங்கே போனான் என்று கேட்டால், சரித்திர நூல்களைவிடச் சட்டப் புத்தகங்களிலேதான் விடை தேட வேண்டியிருக்கிறது. மலேசிய நியாயஸ்தலங்களில் கால் நூற்றாண்டு வக்கீலாகவும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நீதிபதியாகவும் விளங்கிய கோபால் ஸ்ரீராமின் உத்தியோக வாழ்க்கையை அந்தக் கேள்வியோடு இணைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோட்டத்து மனிதனுக்குக் கோர்ட்டு என்பது நெடுங்காலம் சம்மன் வந்தால் போகிற இடமாகவே இருந்தது. காலைப் பெரட்டில் பெயர் கொடுத்து, மத்தியானம் பாலைக் கொண்டுவந்து நிறுத்து, மாலையில் லயம் எனப்படும் வரிசை வீட்டுக்குத் திரும்புகிற வாழ்க்கையில், மண்டோருக்கு மேல் கிராணி, கிராணிக்கு மேல் தொரை என்று அதிகாரத்தின் படிகள் கண்முன்னே தெரிந்தன. தொரைக்கு மேலும் ஒரு நியாயம் உண்டு என்பது தெரிந்திருந்தாலும், அந்த நியாயம் ஆங்கிலத்திலும் பிற்காலத்தில் மலாயிலும் பேசிற்று. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோ ஆறாம் வகுப்போடு முடிந்தது. லண்டன் போய் பாரிஸ்டர் பட்டம் பெற்று வருவதே வக்கீல் தொழிலுக்கு ராஜபாட்டையாக இருந்த காலத்தில், அந்தப் பாட்டையின் முதல் கல் பட்டணத்து ஆங்கிலப் பள்ளியில் கிடந்ததே தவிர லயத்து வாசலில் கிடக்கவில்லை. ஆகவே, இந்நாட்டின் நீதிபதிகளாக உயர்ந்த தமிழர்களின் வரலாற்றைத் தோட்டத் தமிழரின் வரலாறாகக் காட்டிப் பெருமைப்படுவதில் ஒரு சிறு பொய் கலந்திருக்கிறது. பத்து பகாட்டில் வக்கீலாக இருந்து, 1957இல் சுதந்திர மலாயாவின் முதல் ஹைகமிஷனராக இந்தியாவுக்குச் சென்று, திரும்பிய பின் உயர்நீதிமன்ற நீதிபதியான செல்வசிங்கம் மெக்கின்டயர் போன்றோரின் கீர்த்தி மெய்யான கீர்த்திதான். ஆயினும் அந்தக் கீர்த்தியால் லயத்துக் கூரையில் ஒரு தகரமும் மாறவில்லை. நீதிபதியின் பெயரைப் பார்த்து மகிழ்வதைவிட அவருடைய தீர்ப்பைப் பார்த்து மதிப்பிடுவதே முறை.

கோபால் ஸ்ரீராம் 1943இல் பிறந்தவர். லண்டன் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டராகி, 1970இல் மலாயா உயர்நீதிமன்றத்தில் வக்கீலாகப் பதிவு பெற்றார். அடுத்த இருபத்து நான்கு ஆண்டுகள் அவர் வக்கீல் மேஜையின் முன்னேதான் நின்றார். 1994ஆம் ஆண்டு மலேசிய நீதித்துறையின் அமைப்பே மாறியது. லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு அப்பீல் செய்யும் வழக்கம் 1985இன் தொடக்கத்தோடு ஒழிந்துவிட்டபடியால், உயர்நீதிமன்றத்துக்கு மேலே ஒரே ஒரு அப்பீல்தான் என்ற நிலை ஏற்பட்டிருந்தது; அதைச் சீர்செய்ய இடையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ற புதிய ஸ்தாபனம் உண்டாயிற்று; உச்சநீதிமன்றம் மீண்டும் கூட்டரசு நீதிமன்றம் என்ற பழைய பெயரைப் பெற்றது. புதிய நீதிமன்றத்துக்கு உயர்நீதிமன்றத்தில் பயின்றவர்களையே எடுப்பார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, உயர்நீதிமன்ற ஆசனத்தில் ஒரு நாளும் உட்காராத ஸ்ரீராம் வக்கீல் தொழிலிலிருந்து நேராக அங்கே நியமிக்கப்பட்டார். அவ்விதம் நியமனம் பெற்ற முதல்வர் அவரே. சாட்சியின் முகத்தைப் பார்த்து உண்மை தேடும் விசாரணை நீதிபதியின் அனுபவத்தை இந்த நியமனம் அவருக்கு இல்லாமற் செய்தது. அதற்கு ஈடாக, சட்டத்தின் மூலத்தைத் தேடிப் போகிற அவகாசத்தை முதல் நாளிலிருந்தே கொடுத்தது. அவருடைய தீர்ப்புகளின் பலமும் பலவீனமும் இரண்டுமே இங்கிருந்துதான் தொடங்குகின்றன என்பது என் அபிப்பிராயம்.

1988இல் நாட்டின் தலைமை நீதிபதி சாலே அபாஸ் பதவியிலிருந்து நீக்கப்பட்ட அதிர்ச்சி அப்போது ஆறியிருக்கவில்லை. நீதிபதிகள் சட்டத்தின் எழுத்தை மீறாமல் அடக்கமாக நடந்துகொள்வதே விவேகம் என்று கருதப்பட்ட அந்த நாட்களில், 1996இல் தான் தெக் செங் வழக்கின் தீர்ப்பு வெளிவந்தது. துவக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவர்மீது சிறு தொகை ஒன்றைப் பற்றி நம்பிக்கை மோசடிக் குற்றச்சாட்டு எழுந்தது. அப்பீலில் உயர்நீதிமன்றம் அவரை நன்னடத்தை உறுதிமொழியின் பேரில் விடுவித்தது. இருந்தும் கல்விச் சேவை ஆணையம் அவரை வேலையிலிருந்தே நீக்கிவிட்டது. அரசியல் சாசனத்தின் ஐந்தாம் ஷரத்து, சட்டப்படியன்றி ஒருவனுடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கலாகாது என்கிறது. அந்த ஷரத்தில் உயிர் என்று சொல்லியிருப்பது வெறும் மூச்சை மட்டும் குறிக்காது, ஜீவனோபாயத்தையும் குறிக்கும் என்றும், எல்லோரும் சட்டத்தின்முன் சமம் என்னும் எட்டாம் ஷரத்து குற்றத்துக்கு மிஞ்சிய தண்டனையை அனுமதிக்காது என்றும் ஸ்ரீராம் எழுதினார். வேலை என்பது எஜமான் கொடுக்கிற கிருபை அன்று, அரசியல் சாசனம் காக்கிற உயிரின் ஓர் அங்கம் என்பதே அதன் தாத்பரியம். அதே ஆண்டில் வேறொரு வழக்கில், வேலைநீக்கம் பற்றிய தொழிலாளியின் முறையீட்டைத் தொழில் நீதிமன்றத்துக்கு அனுப்புவதா இல்லையா என்று தீர்மானிக்கிற மந்திரியும் இந்த நியாயத்துக்குக் கட்டுப்பட்டவரே என்று காட்டினார்.

இந்தக் கருத்துக்கு வேர் இந்தியாவில் இருந்தது. 1978இல் மேனகா காந்தி வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம் உயிரையும் சுதந்திரத்தையும் பற்றிய ஷரத்துக்கு விசாலமான பொருள் கொடுத்தது. 1985 ஜூலையில், பம்பாய் நடைபாதைவாசிகள் சார்பாகப் பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸும் பிறரும் தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி சந்திரசூட் ஜீவனோபாயத்தை உயிரோடு சேர்த்து எழுதினார். அந்த வழக்கின் மனுதாரர்களிலே ஒருவர், 1961இல் சேலத்திலிருந்து பம்பாய்க்கு வந்த ஒரு தமிழர். சொந்த ஊரில் நிலமற்ற கூலியாள். மழை பொய்த்து வேலை போனபின் பிழைப்பைத் தேடி வடக்கே போனவர். நாள் ஒன்றுக்கு 23 ரூபாய் கூலிக்கு ரசாயனக் கம்பெனி ஒன்றில் வேலை செய்துகொண்டு, பிளாஸ்டிக் விரிப்பும் கித்தானும் கட்டிய கூரையின் கீழ் மனைவி மக்களோடு நெடுஞ்சாலை ஓரத்தில் குடியிருந்தவர். சட்டப் புத்தகங்களைப் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். முந்திய தலைமுறைகளில் அதே சேலத்து வறட்சியும் அதே நிலமின்மையும் நாகப்பட்டினத்துக் கப்பலேற்றி மலாயாத் தோட்டங்களுக்கு அனுப்பியவர்கள் எத்தனையோ பேர். 1938இல் இந்திய அரசாங்கம் உடலுழைப்புத் தொழிலாளர் மலாயாவுக்குக் குடியேறுவதைத் தடுத்திராவிட்டால், இந்த மனுதாரரும் பம்பாய்க்குப் பதிலாகப் பத்தாங் பெர்ஜுந்தைக்கு வந்திருக்கக்கூடும். அவருடைய குறையிலிருந்து பிறந்த நியாயத்தைத்தான் ஸ்ரீராம் கடல் கடந்து மலேசியச் சட்டத்துக்குக் கொண்டுவந்தார்.

ஆனால் பம்பாய் வழக்கின் முடிவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நடைபாதையை விட்டு அகற்றினால் பிழைப்புப் போகும், பிழைப்புப் போனால் உயிரே போகும் என்று அவ்வளவு தெளிவாக எழுதிய அதே தீர்ப்பு, மழைக்காலம் கழியட்டும் என்று 1985 அக்டோபர் 31 வரை தவணை கொடுத்துவிட்டு, அதன்பின் குடிசைகளை அகற்றலாம் என்று நகரசபைக்கு அனுமதி கொடுத்தது. 1976ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அடையாளச் சீட்டுப் பெற்றவர்களுக்கு மட்டும் மாற்றிடம் தரச் சொன்னது. கொள்கை வென்றது, குடிசை தோற்றது. ஸ்ரீராமின் உத்தியோகக் காலம் முழுவதிலும் இந்தச் சங்கதி வெவ்வேறு வேஷங்களில் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம்.

சபாவில் தொழில் நடத்திவந்த ஒரு வக்கீலின் நுழைவு அனுமதியைக் குடிநுழைவு அதிகாரி ரத்து செய்த விவகாரத்தில், காரணம் கேட்கும் உரிமையும் நியாயமான நடைமுறைக்கு உரிமையும் அவருக்கு உண்டு என்று ஸ்ரீராம் 1998இல் தீர்ப்பளித்தார். 2002இல் கூட்டரசு நீதிமன்றம் அதைத் தள்ளியதோடு நில்லாமல், சுதந்திரம் பற்றிய ஷரத்துக்கு இவ்வளவு தாராளமாகப் பொருள் கொள்ளக் கூடாது என்றும் எழுதியது. கீழே இருக்கிற நீதிபதி அதற்குக் கட்டுப்பட்டே தீர வேண்டும். ஸ்ரீராமுக்குப் பின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தவர்கள் பலர் மேலே ஏறிப் போக, அவர் மட்டும் அதே ஆசனத்தில் இருந்தார். 2009இல்தான் கூட்டரசு நீதிமன்றத்துக்கு உயர்த்தப்பட்டார்; நீதிபதிகளுக்கு அறுபத்தாறு வயதும் அதற்குமேல் ஆறு மாத நீட்டிப்புமே எல்லையாதலால், 2010 பிப்ரவரியில் இறங்கிவிட வேண்டியிருந்தது. ஓர் ஆண்டுகூட நிறையாத அந்த அவகாசத்தில் அவர் செய்த வேலை வியக்கத்தக்கது. தன்னுடைய வக்கீலின் வாதத்தைக் கேளாமலே குற்றவாளியாக்கப்பட்ட ஒருவரை 2009இல் விடுவித்த தீர்ப்பிலும், சிவராசா ராசையா வழக்கின் தீர்ப்பிலும், வெள்ளொளி பட்டகத்தின் வழியே சென்று பல நிறங்களாக விரிவது போல ஒரே ஷரத்துக்குள் அடங்கிக் கிடக்கும் உரிமைகளை விரித்துக் காண வேண்டும் என்ற தம் சித்தாந்தத்தை நிலைநிறுத்தி, 2002ஆம் ஆண்டுத் தீர்ப்பின் குறுகிய நோக்கை அதே நீதிமன்றத்திலிருந்தே மறுத்துரைத்தார். இங்கும் ஒரு வேடிக்கை இருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் வக்கீல் மன்றக் குழுவில் இடம்பெறலாகாது என்ற சட்டத்தை எதிர்த்து வந்த சிவராசா, தம் வழக்கில் தோற்றுப் போனார். அவர் பெயரைத் தாங்கிய தீர்ப்போ, அரசாங்கத்தோடு வழக்காடுகிறவர்கள் எல்லோரும் இன்று மேற்கோள் காட்டுகிற ஆயுதமாயிற்று.

நில விஷயத்திலும் இப்படியே. போலிப் பத்திரத்தால் பினாங்கு நிலத்தை இழந்த தாய்லாந்துப் பெண்மணி ஒருவருக்குச் சார்பாக 1997இல் ஸ்ரீராம் எழுதியதைக் கூட்டரசு நீதிமன்றம் தலைகீழாக்கிற்று. வாங்கினவன் மோசடியில் சேராதவனானால் போலிப் பத்திரத்தின் பேரில் வாங்கிய நிலமும் அவனுக்கே என்ற விபரீத நிலை நாட்டில் ஏறக்குறைய பத்து வருஷம் நீடித்தது. 2010 ஜனவரியில் அதே நீதிமன்றம், ஸ்ரீராமின் பழைய கருத்தே சரி என்று திரும்பிவந்தது.

இனித் தோட்டத்துக்கு வருவோம். வேலை என்பது ஜீவனோபாயம், ஜீவனோபாயம் உயிர் என்ற கொள்கை சட்டப் புத்தகத்தில் ஏறிய அதே பத்தாண்டில், சிலாங்கூர்த் தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறிக்கொண்டிருந்தன. ரப்பர் போய்ச் செம்பனையும், செம்பனை போய் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்துகொண்டிருந்தன. பத்தாங் பெர்ஜுந்தை பெஸ்தாரி ஜெயாவென்று பெயர் மாறிப் பல்கலைக்கழக வளாகத்தைப் பெற்றது. சற்று வடக்கே புக்கிட் தாகாரில், தோட்டங்கள் இருந்த பக்கத்துக்கு, 2005 முதல் கோலாலம்பூர் நகரத்துக் குப்பை வந்து சேர்கிறது. வேலை முடிந்தவனுக்கு 1980ஆம் ஆண்டின் ஆள்குறைப்பு விதிகள் ஒரு கணக்கை வைத்திருந்தன: ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் உழைத்தவனுக்கு ஆண்டொன்றுக்கு இருபது நாள் சம்பளம். முப்பது ஆண்டு குலை வெட்டியவனுக்கு அறுநூறு நாள் கூலி கையில் வரும். அது பெரிய தொகை அன்று. ஆயினும் அது சட்டம், கேட்டு வாங்கலாம், கொடாதவன்மேல் வழக்குப் போடலாம். வீட்டுக்கோ அப்படி ஒரு கணக்கே கிடையாது. வேலைக்காகக் கொடுத்த வீடு வேலையோடு போயிற்று.

இதற்குக் காரணம் தொழிற்சட்டத்தில் இல்லை, நிலச்சட்டத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் டாரன்ஸ் வகுத்த பதிவு முறையைத் தழுவிய 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தின்படி, பதிவேட்டில் பெயருள்ளவனே நிலத்துக்கு உடையவன். ஒருவன் எத்தனை காலம் அனுபவித்து வந்தாலும், அந்த அனுபவம் உடையவன் தன் நிலத்தை மீட்கும் வழக்குக்குத் தடையாகாது என்று அச்சட்டத்தின் 341ஆம் பிரிவு ஒளிவுமறைவின்றிச் சொல்லுகிறது. தாத்தா குடியிருந்தார், அப்பா பிறந்தார், நான் வளர்ந்தேன், கோயிலும் பள்ளிக்கூடமும் சுடுகாடும் இங்கேதான் என்ற மூன்று தலைமுறைக் கதைக்கு அந்தப் பிரிவின் முன் மதிப்பு ஒன்றுமில்லை. அத்துமீறிக் குடியேறினவனுக்குச் சட்டத்திலும் உரிமை இல்லை, சமநீதியிலும் உரிமை இல்லை என்று 1982இல் கூட்டரசு நீதிமன்றம் பேராக்குக் குடியேறிகள் வழக்கில் முடிவு கட்டியது. விசாரணை நீளாமல் ஆக்கிரமிப்பாளரை வெளியேற்றும் குறுக்கு நடைமுறை ஒன்றும் உயர்நீதிமன்ற விதிகளில் இருந்தது. 1991இல் உச்சநீதிமன்றம், அனுமதியோடு குடியிருந்தவர்களை அந்தக் குறுக்கு வழியில் விரட்டக் கூடாது என்று வரம்பு கட்டியபோது லயத்து மக்களுக்கு ஒரு சிறு மூச்சு கிடைத்தது. ஆனால் அது அவகாசம் கொடுத்ததே தவிர உரிமை கொடுக்கவில்லை. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டமும், தோட்டக்காரன் கட்டித்தரும் வீட்டுக்கு எத்தனை அறை, என்ன தண்ணீர், என்ன சுகாதாரம் என்று விவரித்ததே ஒழிய, அந்த வீடு என்றைக்கு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை எழுப்பவே இல்லை.

ஸ்ரீராமின் தீர்ப்புகளில் நிலத்தைப் பற்றிப் பெரும்புகழ் பெற்றது, 2005 செப்டம்பரில் அவர் எழுதிய சகோங் தாசி வழக்கின் தீர்ப்பு. தென் சிலாங்கூரில் டிங்கிலுக்கு அருகே புக்கிட் தாம்போய் என்ற இடத்துத் தெமுவான் பூர்வகுடிகளின் நிலத்தில் சுமார் 38 ஏக்கரைப் புதிய விமான நிலையத்துக்குப் போகிற நெடுஞ்சாலைக்காக 1995இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டு, பழமரத்துக்கும் பயிருக்கும் வீட்டுக்கும் மட்டும் ஈடு கொடுத்தது, மண்ணுக்குக் கொடுக்கவில்லை. மண் அவர்களுடையது அல்ல என்பது வாதம். ஷா ஆலாம் உயர்நீதிமன்றம் 2002இல் அந்த வாதத்தை மறுத்தது. மேல்முறையீட்டில் ஸ்ரீராம் அதை இன்னும் விரித்து, பூர்வகுடிகளின் பரம்பரை அனுபோகமே உரிமை, பதிவேடு இல்லாவிடினும் அது நிலம்தான், அவர்களைக் காக்க வேண்டிய அரசாங்கமே அவர்களுடைய நிலத்தை அபகரித்ததற்குப் பொறுப்பாளி என்று எழுதினார். கூட்டரசு நீதிமன்றத்தில் அப்பீல் நிற்கையில், 2010இல் மலேசிய நெடுஞ்சாலை வாரியம் 65 லட்சம் ரிங்கிட் கொடுக்க ஒப்புக்கொண்டு சமாதானம் செய்துகொண்டது. இங்கே கொள்கையும் வென்றது, மனிதரும் வென்றனர்.

இந்தத் தீர்ப்பைத் தோட்டத்து மக்களுக்காகப் பேசுகிறவர்கள் ஆசையோடு நோக்குவது இயற்கை. ஆனால் அதன் நியாயம் லயத்துக்குப் பொருந்தாது. பூர்வகுடியின் உரிமை அரசுக்கும் பதிவேட்டுக்கும் முந்தியது. தோட்டத் தமிழன் பதிவேடு எழுதி முடிந்தபின், பட்டாதாரனுடைய அழைப்பின் பேரிலேயே உள்ளே வந்தவன். முன்னவருக்கு மண் பிதுரார்ஜிதம். பின்னவருக்கு அது வேலையிடம். இந்த வேற்றுமையை மழுப்பிப் பேசுவது உணர்ச்சிக்கு இதமாக இருக்கலாம், வழக்குக்கு உதவாது.

என் மதிப்பில், தோட்டத்து வீட்டுக்கு உதவக்கூடிய ஸ்ரீராமின் தீர்ப்பு வேறொன்று. அது ஒரு வாணிபக் கம்பெனிக்கும் ஒரு வங்கிக்கும் இடையே நடந்த வழக்கு என்பதால் தோட்டத்துக்காகப் பேசுகிறவர்கள் அதை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. 1995இல், மேல்முறையீட்டு நீதிபதியாக இருந்தபோதே கூட்டரசு நீதிமன்ற அமர்வில் சேர்ந்து உட்கார்ந்து, அந்த நீதிமன்றத்தின் சார்பாக அவர் எழுதிய போஸ்டட் டிரேடிங் தீர்ப்பு அது. ஒருவன் தன் சொல்லாலோ நடத்தையாலோ மற்றொருவனுக்கு ஒரு நம்பிக்கையை ஊட்டி, அந்த நம்பிக்கையின் பேரில் அவன் தன் காரியங்களை நடத்திக்கொண்டபின், சொன்ன சொல்லிலிருந்து வழுவிப் பின்வாங்குவது அநீதியானால், அவனைப் பின்வாங்க விடலாகாது என்ற பழைய சமநீதிக் கோட்பாட்டை, பழைய கட்டுத்தளைகளை அறுத்து, நியாயம் கோரும் இடமெங்கும் செல்லக்கூடியதாக அத்தீர்ப்பு விரித்தது. தோட்டம் மூடும்போது வீடு கட்டித்தருவோம் என்று நிர்வாகம் சொன்னதை நம்பி, வேறு வீடு தேடாமல், பட்டணத்துக்குப் போகாமல், குறைந்த கூலிக்கு உழைத்துக் காத்திருந்த குடும்பங்கள் இந்தக் கோட்பாட்டுக்குள் அடங்கமாட்டாவா? அடங்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் இரண்டு சிக்கல்கள் குறுக்கே நிற்கின்றன. தோட்டத்தில் வாக்குறுதிகள் பெரட்டுக் களத்திலும் தீபாவளி விருந்திலும் வாய்வார்த்தையாகச் சொல்லப்பட்டன, காகிதத்தில் எழுதப்பட்டது அபூர்வம். அன்றியும் சொன்ன கம்பெனி விற்றுவிட்டுப் போய்விட, வாங்கின கம்பெனி நான் ஒன்றும் சொல்லவில்லையே என்று கைவிரிக்கும். விசாரணை நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டேறி நிரூபிக்க வேண்டிய சங்கதிகள் இவை. மேல்முறையீட்டு நீதிபதி எவ்வளவு பெரிய கோட்பாட்டை எழுதினாலும், முப்பது ஆண்டுக்கு முன் சொன்ன சொல்லுக்குச் சாட்சி அவரால் கொண்டுவர முடியாது. அவருடைய உத்தியோகத்தில் உயர்நீதிமன்ற அனுபவம் இல்லை என்று மேலே குறிப்பிட்டேன். அந்தக் குறை அவரிடம் மட்டும் இல்லை, நம்முடைய உரிமைப் போராட்டங்களிலும் இருக்கிறது. நாம் கோட்பாட்டைப் பேசுகிறோம், காகிதத்தைச் சேர்ப்பதில்லை.

ஓய்வுக்குப் பின் ஸ்ரீராம் மீண்டும் வக்கீல் அங்கி அணிந்தார். 2018இல் ஆட்சி மாறியபோது, ஒன் எம்டிபி என்ற அரசாங்க முதலீட்டு நிறுவனத்தின் நிதி மோசடி வழக்குகளை நடத்துவதற்கு அரசுத் தரப்பின் மூத்த துணை வழக்கறிஞராக நியமனம் பெற்றார். அந்த நியமனம் செல்லாது என்று குற்றம் சாட்டப்பட்டவர்கள் தொடுத்த மனுக்கள் நிற்கவில்லை. அவர் நடத்திய சூரியசக்தித் திட்ட ஊழல் வழக்கில், முன்னாள் பிரதமரின் மனைவி ரோஸ்மா மன்சோர் 2022 செப்டம்பர் முதல் தேதியன்று உயர்நீதிமன்றத்தில் குற்றவாளியென்று தீர்ப்பளிக்கப்பட்டார். குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்கு நியாயமான விசாரணை வேண்டும் என்று பட்டகத்தைப் பிடித்துக் காட்டியவர், முடிவில் அந்தக் கூண்டுக்கு எதிர்ப்புறம் நின்றதைச் சிலர் முரண்பாடென்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்தப் பக்கம் நின்றாலும் அவருக்குச் சட்டம்தான் பிரியமாக இருந்தது. 2023 ஜனவரி 29ஆம் தேதி தமது 79ஆம் வயதில் அவர் காலமானார்.

நியாயஸ்தலத்துக்கு வெளியேயும் வீட்டுக்கு வழி தேடியவர்கள் இருந்தார்கள் என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் சித்திரம் பிழையாகும். 1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, தொழிலாளர் சேமிப்பைத் திரட்டி அந்தத் தோட்டங்களைத் தொழிலாளர் பெயரிலேயே வாங்குவது என்று துணிந்து, மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஏற்படுத்தினார். பதிவேட்டுக்குத்தான் மதிப்பு என்றால் பதிவேட்டிலே நம்முடைய பெயரை எழுதிவிடுவோம் என்ற அந்த யோசனை, வழக்காடுவதைவிடச் சுருக்கமான வழி. எல்லாத் தோட்டத்துக்கும் அந்த வழி எட்டவில்லை. எட்டிய இடங்களில் 341ஆம் பிரிவு தொழிலாளிக்கு எதிரியாக இல்லாமல் காவலாகவே நின்றது.

பெஸ்தாரி ஜெயா, புக்கிட் தாகார் வட்டாரத்தில் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் என்ற ஐந்து தோட்டங்களின் பழைய தொழிலாளர் குடும்பங்கள் வாக்களிக்கப்பட்ட வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் மனுவோடு அலைந்தன. ஸ்ரீராமின் தீர்ப்புகள் முழுவதும் அச்சேறி, சட்டக் கல்லூரிகளில் பாடமாகி, அவர் காலமும் முடிந்தபின், 2023இல் அவர்களுக்கு 245 வீடுகள் கட்டும் திட்டம் மத்திய அரசாங்கத்தின் பணத்தோடும் தோட்ட உடைமைக்காரர் விட்டுக்கொடுத்த நிலத்தோடும் தொடங்கிற்று. அது மந்திரி காரியாலயத்தின் ஏற்பாடு. எந்த நியாயஸ்தலத்தின் தீர்ப்பும் அன்று. ஜீவனோபாயம் உயிரே என்று 1996இல் எழுதப்பட்ட நியாயத்தை 1965ஆம் ஆண்டு நிலச் சட்டத்தோடு நேருக்கு நேர் நிறுத்தி, தோட்டத்து வீட்டுக்கு அது செல்லுமா செல்லாதா என்று கேட்கும் வழக்கைத் தக்க காகிதங்களோடு கொண்டுபோக வேண்டிய பொறுப்பு, தோட்டத்துப் பள்ளிகளில் படித்து இன்று வக்கீல் அங்கி அணிந்திருக்கிற இளைஞர்களுடையது.